நம்பிக்கை எத்தனை பாகம் ஆழம் போகும்?

மனித முயற்சியைப் பற்றிய பேச்சில் நம்பிக்கை, மனக்குவிப்பு என்னும் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன; புத்தகச் சந்தைகளில் அடுக்கப்படும் முன்னேற்ற நூல்கள் இவை கைகூடினால் எந்த இலக்கும் வசப்படும் என்று வாக்களிக்கின்றன, பரிசளிப்பு விழா மேடைகளிலும் மாணவர்க்கு அதுவே சொல்லப்படுகிறது. அந்த வாக்கில் உண்மை இல்லாமலில்லை என்றாலும், எதன்மேல் வைத்த நம்பிக்கை, எந்த வேலையின்மேல் குவிந்த மனம் என்ற கேள்விகளை அது எழுப்புவதே இல்லை. இக்கேள்விகளுக்கு, நம்பிக்கை பிசகினால் உயிரோ முதலோ போய்விடக்கூடிய ஓர் இடத்தில் விடை தேடுவது பயன்தரும். அத்தகைய இடமொன்று மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தின் கடலோரத்தில் இருக்கிறது.

வில்பத்துக் காட்டின் வட எல்லையாகிய மோதரகம் ஆற்றுக்கு அப்பால், கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களை அயலாகக் கொண்ட மறிச்சுக்கட்டி இன்று அமைதியான ஒரு சிறு கிராமமே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில், மாசி பங்குனி மாதங்களில், இவ்விடத்து வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழுந்து, சில வாரங்களில் மறைந்துபோனது. அதற்குக் காரணம் கடலுக்குள் கிடந்தது. இக்கரைக்கு அப்பால் கடலடியில் மணலுக்கு இடையே கிடக்கும் கற்பரப்புகளை இப்பகுதியார் பார் என்பர். அப்பார்களில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும், முதிர்ந்த சிப்பி போதிய அளவில் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் அரசு சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், அறிவிக்கும். பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் இருந்தன. பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி.

1891க்குப் பின் பல ஆண்டுகள் சிப்பி இல்லாமல் வெறுமையாகக் கிடந்த இந்தப் பார்கள் 1903 முதல் மீண்டும் விளைந்தன. 1905 ஆம் ஆண்டுச் சலாபமே அதன்பின் நடந்தவற்றுள் மிகப் பெரியது: 300க்கும் மேற்பட்ட வள்ளங்களில் ஏறத்தாழ 5,000 பேர் முத்துக்குளித்தனர், 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின, பிரித்தானிய அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரைச் சோனகர், யாழ்ப்பாணத்தார், மன்னார்க் கரையார், மலையாளிகள், பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலேறி வந்த அரபிகள் என்று வந்து சேர்ந்த இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த இலக்கு இருந்தது: கடன் அடைப்பது, மகளுக்குச் சீதனம் சேர்ப்பது, ஒரு வள்ளம் வாங்குவது போன்ற, உலகெங்கும் உழைப்பவர் மனத்தில் இருக்கும் இலக்குகள்.

அந்த இலக்கு கடலுக்குள் எவ்வாறு சிறுத்துப்போனது என்பதே கவனிக்க வேண்டியது. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும் வள்ளங்கள் விடியும்போது பாருக்கு மேல் நிற்கும். அனுமதிக் குறி கிடைத்ததும் வேலை தொடங்கி, நண்பகல்வரை நடந்து, கடற்காற்று எழும்போது முடியும். முத்துக்குளிப்பவர், கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் வளையத்துக்குள் ஒரு காலை நுழைத்து, சிப்பி சேர்க்கும் வலைப்பையை உடலோடு கொண்டு, மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்; அரபிகள் விரலுக்குப் பதிலாகக் கொம்பினால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினர். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், மேலே நிற்கும் கயிறு பிடிப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் வாரிப்போட்டுவிட்டு, மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை ஆட்டுவார், மேலே இழுக்கப்படுவார். ஏறத்தாழ ஒரு நிமிடம்; ஒன்றரை நிமிடத்தை எட்டியவர்கள் மிகச் சிலர். இவ்வாறு ஒரு நாளில் 40, 50 தடவை.

முத்துக்காகவே வந்த மனிதர் கடலடியில் முத்தைத் தேடவில்லை என்பது இந்த வேலையின் ஆழ்ந்த உண்மை. எந்தச் சிப்பிக்குள் முத்து இருக்கிறது என்று வெளியிலிருந்து எவராலும் அறிய முடியாது, நூற்றுக்கணக்கான சிப்பிகளைத் திறந்தும் விலைபோகும் முத்து கிடைக்காமல் போகலாம். ஆகவே அவர் கவனம் கையும் பையும் என்ற அளவுக்குள் நின்றது. இன்றைய உளவியல் இதனை இருவகை இலக்குகளாகப் பிரித்துச் சொல்கிறது. கிடைக்க வேண்டிய பயனைக் குறிப்பது விளைவு இலக்கு, அப்பயனை நோக்கிச் செய்ய வேண்டிய செயலைக் குறிப்பது செயல்முறை இலக்கு. முன்னதில் வாய்ப்பும் பிறர் செயலும் கலந்திருக்க, பின்னது பெரும்பாலும் செய்பவர் கையில் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் மாவட்டத்தில் முதலிடம் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தால் கைக்கு முன்னால் இருக்கும் கணக்கு ஓடாது. மறிச்சுக்கட்டிக் கடலில் அத்தகைய நினைப்புக்கு நேரமும் இருக்கவில்லை, மூச்சும் இருக்கவில்லை.

மூச்சடக்குவதில் மனத்தின் பங்கு எவ்வளவு, உடலின் பங்கு எவ்வளவு என்பதையும் இங்கு தெளிவுபடுத்த வேண்டும், ஏனெனில் முன்னேற்ற நூல்கள் அதிகம் மிகைப்படுத்தும் இடம் இதுவே. மூச்சை அடக்கும்போது எழும் தாங்க முடியாத உந்துதல் பெரும்பாலும் ஒட்சிசன் தீர்ந்ததால் எழுவதன்று. குருதியில் காபனீரொட்சைட்டு கூடுவதை மூளை உணர்ந்து எழுப்பும் எச்சரிக்கை அது. எச்சரிக்கை எழுந்த பின்னும் உடலில் சிறிது ஒட்சிசன் மீதியிருக்கும், ஆகவே பழகியவர் அந்த உந்துதலுக்குப் பதறாமல் மேலும் சில வினாடிகள் வேலை செய்ய முடிகிறது. முகம் நீரில் அமிழும்போது இதயத்துடிப்புத் தானாகக் குறைவது மனிதர் எல்லாருக்கும் பொதுவான ஓர் உடல் இயல்பு; அச்சமோ அதற்கு எதிர்த்திசையில் இதயத்தை விரட்டி ஒட்சிசனை விரைந்து செலவழிக்கும். அமைதியான மனம் மூச்சை நீட்டுகிறது என்பது இந்த அளவுக்கு உண்மை. ஆனால் இறங்குமுன் விரைந்து விரைந்து மூச்சு வாங்கிக் காபனீரொட்சைட்டைக் குறைத்துக்கொண்டு மூழ்குபவருக்கு எச்சரிக்கை பிந்தி வரும், அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, எந்தத் துன்பமும் உணராமல் நீருக்குள்ளேயே நினைவு தப்பும். தன்னம்பிக்கை உச்சத்தில் இருக்கும் கணமே இறப்பின் கணமாகவும் இருக்கக்கூடும் என்பதை இன்றைய மூச்சடக்கு விளையாட்டுப் பயிற்சியாளர்கள் முதற்பாடமாகக் கற்பிப்பது இதனால்தான்.

கடலுக்குள் இறங்குபவருக்கு மூச்சைவிடப் பெரிய அச்சம் சுறாவைப் பற்றியது. அதற்கென ஒருவர் இருந்தார்: கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று மதிக்கப்பட்ட இவர் இல்லாமல் முத்துக்குளிப்போர் நீரில் இறங்க மறுத்தனர். மன்னார் வளைகுடாவின் இருபுறமும் இவ்வழக்கம் இருந்தது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோவும் மீன்களை மந்திரிப்பவருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாக எழுதியிருக்கிறார். பிரித்தானிய ஆட்சியாளருக்கு இந்த மந்திரத்தில் நம்பிக்கை இல்லை, எனினும் கடல்கட்டி இல்லாவிட்டால் வள்ளம் புறப்படாது என்பது தெரிந்திருந்ததால் நெடுங்காலம் அவர்களே அவரை அமர்த்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதைப்பற்றி எழுதியிருப்பது சுவையானது. கடல்கட்டித் தொழில் ஒரு குடும்பத்துக்குப் பரம்பரையாக உரியது, அவர் காலத்தில் அக்குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர், ஆனால் மந்திரத்தின் வலிமைக்கும் மந்திரிப்பவரின் சமயத்துக்கும் தொடர்பு இருப்பதாக எவரும் கருதவில்லை. டெனன்ட் முத்துக்குளிப்புக் கரைக்குச் சென்றபோது கடல்கட்டி நோயுற்றிருந்தார்; பதிலுக்கு அனுப்பப்பட்டவர் தமக்கு மந்திரம் தெரியாது என்பதை ஒளிக்காமல் சொல்லி, ஆயினும் தாம் அவருடைய ஆள் என்பதைச் சுறாக்கள் அறிந்து மதித்து நடக்கும் என்று உறுதியும் கூறினாராம். வள்ளங்கள் போயின.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. டெனன்ட்டும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். இருந்தும் அங்கே நடந்தது என்ன என்று பார்த்தால், சுறாவின் தாக்குதல் உண்மையிலேயே மிக அரிது, ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கற்களும் ஆட்களும் விழுந்து எழும் ஆரவாரம் அவற்றைத் தூர விலக்கியிருக்க வேண்டும். அதாவது ஆபத்து சிறிது, அச்சம் பெரிது. கடல்கட்டி குறைத்தது அச்சத்தை. அச்சம் விலகிய மனம் நிழல்களைப் பார்த்துத் திடுக்கிடாமல் சிப்பியைப் பார்த்தது, இதயம் விரையாமல் மூச்சு நீண்டது. நம்பிக்கை கவனத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. இக்கரை தரும் சான்றிலிருந்து நம்பிக்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே, ஆனால் இது சிறிதன்று.

அல்பேட் பண்டுரா என்னும் உளவியலாளர் 1977 ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு குறிப்பிட்ட செயலைத் தம்மால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொள்ளும் உறுதிப்பாட்டைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். அதனைத் தமிழில் தன்வல்லமை நம்பிக்கை எனலாம். பொதுவாக எல்லாம் நல்லபடி நடக்கும் என்ற மனநிலை இதிலிருந்து வேறுபட்டது. தன்வல்லமை நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தாமே செய்து வெற்றி கண்ட பழக்கம், தம்மைப் போன்றவர் செய்வதைப் பார்த்தல், மதிப்புக்குரியவரின் சொல், தம் உடலின் பதற்றத்தையோ அமைதியையோ உணர்தல். இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் முடிவு. கடல்கட்டியின் மந்திரம் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்ந்தது. அது தனித்து நின்றிருந்தால் எவரையும் 8 பாகம் ஆழத்துக்குக் கொண்டு சென்றிருக்காது. சிறுவயதில் ஆழமற்ற நீரில் பழகி, அண்ணனும் மாமனும் மூழ்கி எழுவதைக் கரையில் இருந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கே அந்த மந்திரம் பலித்தது. மேடைப் பேச்சாளரின் ஊக்க உரையும் இவ்வகையில் ஒரு கடல்கட்டி வேலைதான்: கேட்பவர் ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவராக இருந்தால் அதனால் பயன் உண்டு.

கயிறு பிடிப்பவரைப் பற்றிச் சலாபக் கதைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 1905 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் முத்துக்குளித்தவர்களின் தொகைக்கு ஏறத்தாழச் சமமான தொகையினர் கயிறு பிடித்தனர். அதாவது கீழே செல்லும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஒரு முழு மனிதரின் கவனம் ஒதுக்கப்பட்டிருந்தது. கயிறு ஆடும் கணத்தைத் தவறவிட்டால் கீழே இருப்பவர் மீளமாட்டார். தனிமனிதச் சாதனை என்று எழுதப்படும் பலவற்றிலும் இப்படி ஒரு கயிறு மறைந்திருப்பதையும், நம்பிக்கையில் ஒரு பாதி தன்மேலும் மறு பாதி பிறர்மேலும் இருப்பதையும், தன்னம்பிக்கை நூல்களின் அட்டைப்படங்களில் காண முடியாது. 1906 ஆம் ஆண்டுச் சலாபத்தில் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் அரசு அலுவலரும் பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவருமான லெனார்ட் வுல்ஃப், கடலில் இறந்த ஓர் அரபி முத்துக்குளிப்பவரின் உடல் கரைக்கு வந்ததையும் தோழர்கள் அவருக்காகத் துக்கம் காத்ததையும் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். கரையில் வுல்ஃப் மேற்பார்த்த கொட்டு, அதாவது சிப்பி பிரிக்கும் வேலியிட்ட முற்றம், வேறொரு பாடத்தைத் தரும். வள்ளத்தின் சிப்பி மூன்று குவியலாக்கப்படும், இரண்டை அரசு தெரிந்தெடுத்துக்கொள்ளும், எஞ்சியது உழைத்தவருக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாக அமைப்பதே முத்துக்குளிப்பவருக்கு இலாபம்.

அவர்களோ தம் பங்கைப் பெரும்பாலும் வாசலிலேயே விற்றுக் காசாக்கினர். வாங்கியவர் நம்பிக்கை வேறு வகையானது. மூடிய சிப்பியை ஆயிரம் என்ற கணக்கில் ஏலத்தில் எடுத்து, அழுகவிட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்துக்கிடையில் கழுவித் தேடிய வணிகரும், இரண்டு மூன்று சிப்பி வாங்கி நின்ற இடத்திலேயே உடைத்துப் பார்த்த கூலிக்காரரும் முத்து இருக்கும் என்று நம்பியது, முத்துக்குளித்தவர் தம் மூச்சை நம்பியதுபோன்றதன்று. எவ்வளவு உறுதியாக நம்பினாலும் சிப்பிக்குள் இருப்பது மாறாது, அடுத்த சிப்பியைப் பற்றி இந்தச் சிப்பி எதுவும் கற்றுத்தராது. இதற்குச் சூது என்று பெயர், தவறாக அதற்கு விடாமுயற்சி என்று பெயர் சூட்டுவோர் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

மறிச்சுக்கட்டியில் ஏமாந்த நம்பிக்கைகளுள் மிகப் பெரியது இலண்டனிலிருந்து வந்தது. அடுத்தடுத்த சலாபங்களின் வருமானத்தைக் கண்டு, 1906 ஆம் ஆண்டு ஒரு கம்பனி இப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்பந்தம். கடலடியை ஆராய்ந்த பேராசிரியர் ஹேர்ட்மன், மணல் நகர்வதாலும் திருக்கை, நட்சத்திரமீன் போன்றவை தின்பதாலும் இளஞ்சிப்பி பார்பாராக அழிந்துபோவதை ஏற்கெனவே எழுதியிருந்தார். சிப்பியைப் பெயர்த்துப் பாதுகாப்பான இடத்தில் வளர்க்கலாம் என்ற அவரது யோசனை கம்பனிக்கு இனித்தது, அதற்கு முன்னிருந்த எச்சரிக்கை அவ்வளவாக உறைக்கவில்லை. 1907 ஆம் ஆண்டோடு சிப்பி மறைந்தது. சில ஆண்டுகள் வெறுங்கடலுக்குக் குத்தகை கட்டிய பின் கம்பனி கலைக்கப்பட்டது. 1925 ஆம் ஆண்டு மீண்டும் ஒரு சலாபம் நடந்ததாயினும் பழைய நாட்கள் திரும்பவில்லை.

கப்ரியேலே ஓட்டிங்கன் என்னும் ஜெர்மானிய உளவியலாளரின் ஆய்வுகள் இத்தகைய நம்பிக்கைகளை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. 1991 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களுள், வெற்றி பெறுவோம் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்ததையும், மெலிந்த தம் உருவத்தை இனிமையாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள் குறைவாகவே எடை குறைந்ததையும் அவரும் உடன் ஆய்வாளரும் கண்டனர். எதிர்பார்ப்பு என்பது பழைய அனுபவத்தை எடைபோட்டு எழுவது. கற்பனை அந்த எடைபோடலைத் தவிர்க்கிறது, இலக்கை அடைந்துவிட்டது போன்ற நிறைவை முன்கூட்டியே தந்து கையைத் தளரவிடுகிறது. இதற்கு மாற்றாக அவர் முன்வைத்த முறை, விரும்பும் பயனை நினைத்த உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் நினைப்பது. விருப்பம் ஒரு கையிலும் தடை மறு கையிலும் இருக்கும்போதுதான் முயல்வதா, கைவிடுவதா என்ற முடிவு தெளிவாகிறது; கைவிடுவதும் சில வேளை சரியான முடிவு என்பதை இந்த ஆய்வாளர் வெளிப்படையாகச் சொல்வது பாராட்டத்தக்கது.

ஒரு நிமிட மூச்சில் மனம் குவிவது ஒரு வகை. இருபது ஆண்டு குவிந்தே இருப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கான சான்றும் இதே கரையில், மறிச்சுக்கட்டிக்கு வடக்கே அருவி ஆறு கடலில் கலக்கும் அரிப்பில் உண்டு. 1660 ஆம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் ஓர் ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த 16 பேர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். கப்பல் தலைவரின் மகனான றொபேட் நொக்ஸ் அப்போது 19 வயதினர். விலங்கும் சுவரும் இல்லாத சிறை அது. சிறைப்பட்டவர்கள் ஊர்களில் பிரித்துக் குடியமர்த்தப்பட்டு, உண்டு, உழைத்து, விரும்பினால் மணமும் செய்து வாழலாம். நாட்டைவிட்டு வெளியேறுவது மட்டும் தடை. தோழர் பலர் அங்கேயே குடும்பம் கொண்டனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். நொக்ஸ் மணம் செய்யாமல், நூலால் தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். தாம் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து, தற்செயலாகக் கிடைத்த ஓர் ஆங்கில வேதாகமத்தை வாங்கிக்கொண்டார் என்பதிலிருந்து அவருடைய நம்பிக்கையின் ஊற்று எது என்பது தெரியும்.

ஆயினும் அந்த நம்பிக்கை அவரைப் பிரார்த்தனையோடு நிற்கவிடவில்லை. அவரும் ஸ்டீவன் றட்லண்ட் என்னும் தோழரும் பொருள் மூட்டை தூக்கிய அங்காடிக்காரராக மாறி, கண்டி நாட்டின் வட பகுதிகளில் கத்தி, சீப்பு, மிளகு, புகையிலை போன்றவற்றை விற்றுத் திரிந்தனர்; பல ஆண்டுகள் அவ்வாறு சென்று சென்று, எந்த வழி எங்கே போகிறது, எங்கே காவல் நிற்கிறது, எந்தப் பருவத்தில் எந்தக் குளம் வற்றும் என்பதை அறிந்தனர். வறட்சி தொடர்ந்த ஆண்டுகளில் காட்டில் நீரின்றித் திரும்பிவர நேர்ந்தது. அந்தத் திரும்புதல்கள் அவர்களை உடைக்கவில்லை என்பதற்குக் காரணம் மனவுறுதி மட்டுமன்று. ஒவ்வொரு பயணமும் வணிகமாகவும் இருந்தது, விற்ற காசும் கற்ற வழியும் மிஞ்சின, பார்ப்பவர் கண்ணுக்கும் அவர்கள் சந்தேகமற்ற ஊர்சுற்றிகளாயினர். பெரிய இலக்கு தோற்ற நாளிலும் சிறிய வேலை முடிந்திருக்கும்படி வாழ்க்கையை அமைத்துக்கொண்டது நொக்ஸின் உண்மையான திறமை.

1679 செப்டெம்பர் 22 ஆம் நாள் புறப்பட்டவர்கள் அனுராதபுரப் பகுதியை அடைந்தபோது அதிகாரியின் முன் நிற்க நேர்ந்தது. எதற்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கு விடை ஆயத்தமாக இருந்தது: காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம். இவ்வாறு, இன்னது நேர்ந்தால் இன்னது செய்வது என்று முன்கூட்டியே முடித்துவைத்திருப்பதைப் பீற்றர் கொல்விட்சர் என்னும் உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வெறுமனே இலக்கை மட்டும் கொண்டவர்களைவிட, இப்படி ஆயத்தம் செய்தவர்கள் இக்கட்டில் தடுமாறாமல் செயல்படுவது அவர் ஆய்வுகளில் தெரிகிறது, ஏனெனில் அந்தக் கணத்தில் சிந்திக்க வேண்டிய சுமை அவர்களுக்கு இல்லை. நொக்ஸும் றட்லண்டும் பாதையை விட்டு விலகி, அருவி ஆற்றின் கரையைப் பிடித்து, முள்ளும் யானையும் நிறைந்த காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தனர். சிறைப்பட்டு 19 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நொக்ஸ் இலண்டன் சென்று 1681 ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் அக்காலக் கண்டி நாட்டு வாழ்வை அறிய இன்றும் தவிர்க்க முடியாத மூலநூல். தப்பும் வழிக்காகக் கூர்ந்து பார்த்த கண்ணுக்கு நெல் விதைப்பும் நீதிமன்றமும் சாதி வழக்கமும்கூடத் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன.

இன்று இக்கடலில் தனிமனித இலக்கைத் தேடி வருபவர்கள் நீச்சல்காரர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீரை 1966 ஆம் ஆண்டு மிகிர் சென்னும், 1994 ஆம் ஆண்டு 12 வயதுச் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரனும் கடந்தனர். 2021 ஆம் ஆண்டு இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர போய்த் திரும்பியே வந்தார், 28 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்தது. வடக்கே வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971 ஆம் ஆண்டே வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே சென்று மீண்டு புகழ்பெற்றவர். பல உலக சாதனைகளுக்குப் பின் 1984 ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது நீரிலேயே உயிர் நீத்தார். அவர் நம்பிக்கையில் குறை வைத்தார் என்று எவரும் சொல்லமாட்டார். குளிர்நீரில் உடல் வெப்பம் இழக்கும் வேகத்தோடு நம்பிக்கை பேரம் பேச முடியாது.

மறிச்சுக்கட்டிக்குத் திரும்பினால், அங்கே இலக்கு என்ற சொல்லுக்கு அண்மைக் காலத்தில் வேறொரு கனம் ஏறியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் மக்களும் முசலிப் பிரதேசத்தின் மற்ற முஸ்லிம்களும் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டு, பெரும்பாலும் புத்தளம் பகுதியில் தஞ்சம் அடைந்தனர். ஊர் திரும்புவது என்ற ஒரே நோக்கத்தோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பார்த்திராத ஊரே சொந்த ஊராகச் சொல்லி வளர்க்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின் திரும்பத் தொடங்கியவர்கள் கண்டது, வீட்டையும் தோட்டத்தையும் மூடி வளர்ந்திருந்த காட்டை. 2012 ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் மூலம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி நிலங்கள் ஒதுக்குக் காடாக்கப்பட்டன, 2017 ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் அறிவித்தல் இப்பகுதிக் காடுகளை மேலும் இறுகப் பாதுகாத்தது. மறுபுறம் வில்பத்துக்கு வடக்கே காடு அழிக்கப்படுவதாகச் சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காடழிப்பைச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது.

இரு தரப்பாரின் நியாயமும் ஒரே நிலத்தின்மேல் கிடக்கும் இத்தகைய நிலையில், திரும்பியவர்களின் நம்பிக்கையை மெச்சுவதோடு நிறுத்திக்கொள்வது வசதியான வழி. அவர்கள் நம்பிக்கைக்குக் குறைவில்லை, இருபது ஆண்டு அதைக் காத்தவர்கள். இப்போது தேவைப்படுவது வேறு வகை மனக்குவிப்பு: பழைய காணி உத்தரவுப்பத்திரம், தந்தை பெயரில் இருந்த உறுதி, கிராம அலுவலரின் பதிவு, நில அளவைப் படத்தில் பழைய குளமும் பள்ளிவாசலும் இருந்த இடம் ஆகியவற்றைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, கச்சேரிக்கும் காணி அலுவலகத்துக்கும் திரும்பத் திரும்பப் போய்வருவது. அதிலும் ஒருவர் கோப்பை எடுத்துச் செல்ல, இன்னொருவர் பேருந்துக் காசு கொடுக்க, மூன்றாமவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.